'பிட்ரே'வுக்கு ஒற்றைப் பொருள் எழுதிப் போடாதீர்கள்

கெமர் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்கு,

நீங்கள் புனோம் பென்னில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கலாம். சியெம் ரியாப்பில் விடுதி ஊழியர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கலாம். சென்னையிலோ கோவையிலோ வீட்டில் இருந்தபடியே கணினி வழியாகப் பாடம் நடத்தலாம். எங்கிருந்தாலும் உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உங்கள் ஆங்கிலத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

'பிட்ரே' என்ற சொல் பாடத்தில் வந்ததும் பலகையில் அதற்கு நேரே, துரோகத்தைக் குறிக்கும் 'க்பொத்' என்ற கெமர்ச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறீர்கள். வகுப்பும் தலையாட்டுகிறது. எழுதியது பிழையும் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் மாணவருக்கு இரண்டு நட்டங்கள் உண்டாகின்றன. ஆங்கில வினை செய்கிற வேலையில் பெரும்பகுதி அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதோடு, கம்போடியாவில் அந்தக் கெமர்ச் சொல்மேல் ஏறியிருக்கிற வரலாற்றுச் சுமை முழுவதும் ஆங்கிலச் சொல்லின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் ஆங்கில வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பியவருக்கோ, நாட்டுக்கோ, மணந்தவருக்கோ துரோகம் செய்வது அதன் ஒரு பொருள். ஒருவரை எதிரியிடம் பிடித்துக்கொடுப்பது இன்னொன்று. ஒப்படைக்கப்பட்ட ரகசியத்தை வெளியே விடுவது மூன்றாவது. தான் ஏற்ற கொள்கையைத் தானே கைவிடுவது நான்காவது. மறைக்க நினைத்த ஒன்றைக் குரலோ முகமோ கையோ தன்னை மீறி வெளிப்படுத்திவிடுவது ஐந்தாவது.

இந்த ஐந்தாவதில்தான் உங்கள் மாணவர் தடுக்கி விழுகிறார். "அவள் சிரித்தபடிதான் பேசினாள், ஆனால் குரல் அவள் பயத்தை பிட்ரே செய்துவிட்டது" என்ற வகை வாக்கியம் ஆங்கிலக் கதைகளிலும் செய்திக் கட்டுரைகளிலும் சர்வசாதாரணம். தேர்வுகளின் வாசிப்புப் பகுதியிலும் அது எதிர்ப்படும். க்பொத் மட்டுமே அறிந்த மாணவர் அதை, குரல் பயத்துக்குத் துரோகம் செய்தது என்று படிப்பார். சொல் தெரிந்த சொல்தான். வாக்கியம்தான் நகர மறுக்கிறது. அகராதியைத் திறந்து பார்க்கவும் தோன்றாது, தெரிந்த சொல்லை யார் தேடுவார்கள்? தன் ஆங்கிலம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போவார். அவருக்குத் தரப்பட்ட பொருள்தான் போதவில்லை என்று நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இந்தத் தடுமாற்றம் உங்கள் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ் உங்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவே இல்லை. 'காட்டிக்கொடுப்பது' என்ற நம் வினை, எதிரியிடம் ஆளைப் பிடித்துக்கொடுப்பதற்கும் பொருந்தும், முகம் மனதை வெளியிட்டுவிடுவதற்கும் பொருந்தும். யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான் என்றும் எழுதுகிறோம். நடுங்கிய கை அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றும் எழுதுகிறோம். ஆங்கிலம் படித்த காலத்தில் இந்த இடத்தை நீங்கள் யோசிக்காமலே தாண்டி வந்திருப்பீர்கள். கெமர் மாணவருக்கு அந்த வழி இல்லை. க்பொத் என்ற சொல்லில் எப்போதும் ஒரு குற்றவாளி நின்றுகொண்டிருக்கிறான். குரலும் கையும் அந்த வினையைச் செய்ய முடியாது.

ஆங்கிலத்தில் இந்தப் பொருள்கள் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பதை வகுப்பில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 'ஒப்படைத்தல், கையளித்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் 'டிராதெரே' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. துரோகியைக் குறிக்கும் 'டிரெய்ட்டர்', தேசத்துரோகத்தைக் குறிக்கும் 'டிரீசன்', தலைமுறைகள் கையளித்துவரும் வழக்கத்தைக் குறிக்கும் 'டிரெடிஷன்' எல்லாம் அதே வேரில் பிறந்தவை. 'பிவ்ரே' என்று வேறொரு ஆங்கில வினையும் முன்பு இருந்தது. 'வெளிப்படுத்திவிடுதல்' என்பது அதன் பொருள். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் யூதாஸின் செயலுக்கு 'பிட்ரே' வருகிறது. அதே அதிகாரத்தின் கடைசியில், பேதுருவின் கலிலேயப் பேச்சே அவர் யார் என்பதை வெளியிட்டுவிடும் இடத்துக்கு 'பிவ்ரே' வருகிறது. பின்னால் 'பிவ்ரே' வழக்கொழிந்தது. இன்று இரண்டு வேலையையும் 'பிட்ரே' ஒன்றே பார்க்கிறது. இதைக் கேட்ட மாணவர், கெமரில் இதற்கு இரண்டு மூன்று சொற்கள் வேண்டும் என்பதை ஒரு குறையாக நினைக்கமாட்டார்.

இனி கெமர்ச் சொல். அதன் வேர் உங்களுக்குப் புதியதல்ல. சமஸ்கிருதத்தின் 'கபட' தமிழில் கபடம் ஆயிற்று. கெமரில் க்பொத் ஆயிற்று. தாய்லாந்து மொழியில் 'கபொத்' என்று கலகத்துக்கும் கலகக்காரருக்கும் பெயராயிற்று. தமிழில் கபடம் மனதுக்குள் இருக்கும் வஞ்சகத்தோடு நின்றுவிட்டது. மெக்கோங் கரையில் அது அரசனுக்கு எதிராக எழுவதையும் சேர்த்துக்கொண்டது. விசுவாசத்தை உயிரோடு கட்டிவைத்த அரசியல் கம்போடியாவில் மிகப் பழையது. வாரிசுப் போருக்குப் பிறகு முதலாம் சூரியவர்மன் 1011-இல் தன் அதிகாரிகளிடம் உறுதிமொழி வாங்கி, அதை அங்கோர் அரண்மனை வாயிலில் கல்லில் வெட்டவைத்தான். வாக்குத் தவறியவர் சூரிய சந்திரர் உள்ளவரை 32 நரகங்களில் கிடக்க வேண்டும் என்பது அதில் அவர்கள் தாங்களே ஏற்ற சாபம்.

அன்றாடக் கெமரில் இச்சொல் துணைச் சொற்களோடுதான் அதிகம் நடமாடுகிறது. 'க்பொத் சட்' என்றால் மனதுக்குத் துரோகம். காதல் பாட்டுகளில் ஓயாமல் ஒலிப்பது. இதில் 'சட்' நம் சித்தம்தான். 'பித் க்பொத்' என்றால் மணவாழ்வில் துரோகம். 'க்பொத் சியத்' என்றால் தேசத்துரோகம்; 'சியத்' என்பது நம் ஜாதி, அங்கே தேசத்தைக் குறிக்கிறது. முதல் இரண்டும் வீட்டையும் மனதையும் உடைக்கும். மூன்றாவது கம்போடியாவில் ஆட்களைக் கொன்றிருக்கிறது. இந்த மடலின் மையம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையோடு படியுங்கள்.

1970 மார்ச்சில் நாட்டின் தலைவராக இருந்த சிஹானுக் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஒரு ராணுவ நீதிமன்றம், அவர் நாட்டில் இல்லாதபோதே, தேசத்துரோகத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1975-இன் தொடக்கத்தில், சிஹானுக்கும் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜும் சேர்ந்த எதிரணி தன் பட்டியலை அறிவித்தது: அந்தப் புதிய ஆட்சியைச் சேர்ந்த லோன் நோல், சிரிக் மாதக், லோங் போரெட் உள்ளிட்ட ஏழு பேர் துரோகிகள், அவர்கள் சாக வேண்டும். அந்த ஏப்ரலில் அமெரிக்கத் தூதர் ஜான் குந்தர் டீன் நாட்டை விட்டு வெளியேற அழைத்தபோது சிரிக் மாதக் மறுத்து ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்காவை நம்பியதே தன் பிழை என்பது அதன் சாரம். சில நாளில் அவர் கொல்லப்பட்டார். துரோகிப் பட்டியலில் இருந்த ஒருவர், தான் துரோகம் இழைக்கப்பட்டவர் என்ற கசப்போடு இறந்தார். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் வாழ்ந்து கடந்த காலம் அது.

1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் ஆட்சி. புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடம் எஸ்-21 என்ற சிறையாயிற்று. இன்று அதை துவோல் ஸ்லெங் அருங்காட்சியகமாக நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கொண்டுவரப்பட்டவர்மேல் இருந்த குற்றச்சாட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: அங்க்காருக்கு, அதாவது அந்த இயக்கத்துக்குத் துரோகம். பிறப்பிலிருந்து தன் வாழ்க்கையை எழுதச் சொல்லி, அடித்து, மறுபடி எழுதச் சொல்லி, உடன் சதி செய்தவர்கள் யார் யார் என்று பெயர்களைப் பிடுங்கினார்கள். அந்தப் பெயர்கள் அடுத்த கைதுகளாயின. இப்படித் தொடர்ந்த சங்கிலிக்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'க்சை', கயிறு. குறைந்தது 12,272 பேர் அங்கே சாவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று சிறைத் தலைவர் டூச்மீதான 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிவுசெய்தது. 1978-இல் கிழக்கு மண்டலத்து மக்களை, கெமர் உடம்பில் வியட்நாம் தலை உள்ளவர்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கொன்றார்கள்.

இப்போது ஒரு கேள்வியை உங்கள் மனசாட்சியின் முன் வைக்க வேண்டும். வதை தாங்காமல் நண்பனின் பெயரைச் சொன்ன கைதியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 'பிட்ரே' என்ற வினையைத் தயங்காமல் போடலாம். பெயர் எதிரியின் கைக்குப் போய்விட்டது என்ற செயலை மட்டும் அது சொல்லக்கூடும். அந்தக் கைதியின் நெஞ்சைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமலும் இருக்க முடியும். அதே வாக்கியத்தை க்பொத் என்று கெமருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது? அவரைக் கொன்றவர்கள் அவர்மேல் எழுதிய வார்த்தையையே நாமும் மறுபடி எழுதுகிறோம். அந்தக் கைதி உங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கும் பெண்ணின் பெரியப்பாவாக இருக்கக்கூடும்.

ஐந்தாவது பொருளும் அதே காலத்தில் மக்களின் உயிரோடு விளையாடியது. ஹாயிங் ங்கோர் ஒரு மருத்துவர். படித்தவர்களைத் தேடிப்பிடித்த அந்த ஆட்சியில் தன்னை டாக்ஸி ஓட்டுநர் என்று சொல்லிப் பிழைத்தார். மனைவி பிரசவத்தில் இறந்துகொண்டிருந்தபோதும் தான் யார் என்பதை வெளிக்காட்ட முடியாத நிலையில் இருந்தார். பின்னாளில் 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்தில் நடித்து 1985-இல் ஆஸ்கர் விருது பெற்றவர் இவரே. அவரைப் போன்றவர்களை மூக்குக்கண்ணாடி பிட்ரே செய்யலாம், மிருதுவான உள்ளங்கை பிட்ரே செய்யலாம், பேச்சில் நழுவி விழும் ஒரு பிரெஞ்சுச் சொல் பிட்ரே செய்யலாம். இங்கே ஆங்கில வினை எவ்வளவு துல்லியமாக உட்காருகிறது பாருங்கள். க்பொத் என்று வைத்தால் உள்ளங்கை துரோகியாகிறது. வாக்கியம் அர்த்தமிழந்து போகிறது.

ஹோட் போபானா என்ற இளம்பெண்ணின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இயக்குநர் ரித்தி பான் 1996-இல் அவரைப் பற்றிப் படமெடுத்தார். கணவர் லி சித்தாவுக்கு அவர் எழுதிய காதல் கடிதங்களில் தன்னைச் சீதையாகப் பாவித்துக் கையெழுத்திட்டார். அந்தக் கடிதங்கள் பிடிபட்டன, சான்றாயின. இருவரும் எஸ்-21-இல் 1977 மார்ச்சில் கொல்லப்பட்டார்கள். கடிதங்கள் அவர்களை பிட்ரே செய்தன என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அவர்கள் எவருக்கும் துரோகம் செய்யவில்லை. இரண்டு வாக்கியங்களையும் பிரித்தறியும் திறனைத்தான் உங்கள் மாணவருக்கு நீங்கள் தர வேண்டியிருக்கிறது.

"அதெல்லாம் பழங்கதை, என் வகுப்பில் இருப்பவர்கள் 2005-க்குப் பிறகு பிறந்தவர்கள்" என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் பள்ளியிலேயே அந்த வரலாற்றைப் படிக்கிறார்கள். அதற்கென 2007-இல் ஒரு பாடநூல் வெளிவந்தது. அந்தச் சொல்லும் பழங்கதைக்குள் அடங்கிவிடவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் கெம் சொக்கா 2017 செப்டம்பரில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். 2023 மார்ச்சில் அவருக்கு 27 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. வெளிநாட்டோடு கூடிச் சதிசெய்தவரின் குடியுரிமையைப் பறிக்க வழிசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் தேசிய சபையில் நிறைவேறியது. நீங்கள் பலகையில் எழுதுகிற சொல், மாணவர் காலையில் செய்தியில் கேட்டுவிட்டு வந்த சொல். "பிட்ரே என்ற சொல்லை வைத்து ஒரு சொந்த வாக்கியம் எழுது" என்ற சாதாரணப் பயிற்சி அங்கே ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

முதலில், வினையைத் தனியாக எழுதாதீர்கள். எதை பிட்ரே செய்வது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆளும் நாடும் வந்தால் க்பொத் சரி. கொள்கைக்கும் பெரும்பாலும் அது பொருந்தும். ரகசியம் வந்தால், ரகசியத்துக்குக் கெமரில் உள்ள 'ஆத்கம்பாங்' என்ற சொல்லோடு வெளியிடுதலைக் குறிக்கும் வினையைச் சேருங்கள். பயம், கோபம், ஆசை போன்றவை வந்தால், காட்டுதல் என்ற பொருளுள்ள 'பங்ஹாஞ்' என்ற வினையோடு, 'தன்னை அறியாமல்' என்ற பொருள்தரும் 'டௌய் அசேதனா' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேதனம் என்ற சொல்லை அறிந்த உங்களுக்கு அது ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வகுப்பில் இருக்கும் கெமர் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு மாணவர்களுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, வரிசையை மாற்றுங்கள். குரலும் முகமும் வரும் வாக்கியங்களில் தொடங்குங்கள், ரகசியத்துக்குப் போங்கள், துரோகத்தைக் கடைசியில் வையுங்கள். துரோகத்தில் தொடங்கினால் மற்ற பொருள்களுக்கு இடமே மிஞ்சாது. 'பிட்ரேயல்' என்ற பெயர்ச்சொல் வரும்போது அது பெரும்பாலும் துரோகத்தையே குறிக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, அண்டைச் சொற்களைக் கூடவே கொடுங்கள். எதிர்பார்ப்பைப் பொய்யாக்குவது 'லெட் டவுன்'. மணவாழ்வில் ஏமாற்றுவது 'சீட் ஆன்'. தெரியாமல் வெளியிட்டுவிடுவது 'கிவ் அவே'. அரசுக்கு எதிராக எழுவது 'ரெபெல்'. கெமரில் க்பொத் தாங்கும் சில இடங்களுக்கு ஆங்கிலத்தில் இவற்றில் ஒன்றுதான் பொருத்தம். இவற்றை அறியாத ஊழியர் ஒருவர், வாக்களித்த விடுமுறையைத் தராத மேலாளருக்கு 'பிட்ரே' என்ற வினையை வைத்து மின்னஞ்சல் அனுப்பினால், சிறு வருத்தம் பெரும் குற்றச்சாட்டாகப் போய்ச் சேரும்.

நான்காவது, எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். இன்றைய அரசியல் தலைவர்களை வாக்கியத்துக்குள் கொண்டுவராதீர்கள். குடும்பத்தில் நடந்ததைச் சொல் என்று எந்தப் பிள்ளையையும் வகுப்பின் நடுவே நிறுத்தாதீர்கள். தானாகச் சொல்ல முன்வந்தால் கேளுங்கள். துரோகத்தைப் பற்றி விவாதிக்க வேண்டுமானால் கெமர் ராமாயணமான ரியாம்கேர் இருக்கிறது. நம் வீடணன் அங்கே பிபேக். அண்ணனால் விரட்டப்பட்டு ராமனிடம் சேர்ந்து இலங்கையின் ரகசியங்களைச் சொன்னவன். அவன் அண்ணனை பிட்ரே செய்தானா? ரகசியத்தை பிட்ரே செய்தானா? விரட்டப்பட்டவனுக்கு விசுவாசக் கடன் உண்டா? கம்பனைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கும் ரியாம்கேர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த அவர்களுக்கும் பொதுவான கதை அது. ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம், யாருக்கும் காயம்படாமல்.

நேரம் இல்லை என்பது உங்கள் உண்மையான சிக்கல், மறுப்பதற்கில்லை. எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு வினைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உங்களில் சொற்பட்டியலும் பயிற்சிநூலும் தயாரிப்பவர்கள், செயலிகளுக்குக் கெமர்ப் பொருள் எழுதித் தருபவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். அடுத்த பதிப்பில் 'பிட்ரே'வுக்கு எதிரே இருக்கும் ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, ஆள், ரகசியம், கொள்கை, உணர்ச்சி என்று நான்கு வரிகள் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியமும் அதன் கெமர் வடிவமும் கொடுங்கள். செய்து முடித்ததும் உங்கள் வகுப்புக் குறிப்பை மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். வரும் பருவம் தொடங்கும் முன்பே இந்தத் திருத்தம் உங்கள் பாடக்குறிப்பில் ஏறியிருக்க வேண்டும் என்பதே இந்த மடலின் வேண்டுகோள்.